மின்சாரக் காரும் வீட்டு மின்கட்டணமும்



ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் வாக்கு. ஆற்றில் போடுவதற்கே அளவு வேண்டுமெனில், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் வந்து நிற்கும் மின்கட்டணத்துக்கு அளவு வேண்டாமா? இம்மாதம் அந்த அளவைப் பற்றியே எழுத விரும்புகிறோம். காரணம், அண்மைக் காலமாக நம் பங்குகளில் மின்சாரக் கார் வாங்கும் குடும்பங்களும், வாங்கலாமா என்று எண்ணும் குடும்பங்களும் பெருகி வருகின்றன. அவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "சாமி, வீட்டிலேயே சார்ஜ் செய்தால் கரண்டுக்கு எவ்வளவு ஆகும்?"

இக்கேள்விக்கு இரண்டு விடைகள் ஊரில் உலவுகின்றன. கார் விற்பவர், "கிலோமீட்டருக்கு எழுபது காசுதான்" என்கிறார். அடுத்த வீட்டுக்காரரோ, "பில் மூன்று மடங்காகிவிடும், வேண்டாம்" என்கிறார். இவ்விருவரும் பொய் சொல்லவில்லை. ஆயினும் இருவரும் பாதியை மட்டுமே சொல்கிறார்கள். முழு உண்மையை அறிய விரும்புவோர் தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு எம்முடன் சிறிது நேரம் அமர வேண்டுகிறோம்.

யூனிட் என்பது யாது?

ஆயிரம் வாட் மின்சாரத்தை ஒரு மணி நேரம் செலவிட்டால் அது ஒரு யூனிட். எழுபத்தைந்து வாட் மின்விசிறி ஒன்று ஏறக்குறைய பதின்மூன்று மணி நேரம் சுழன்றால் ஒரு யூனிட் ஆகும். ஒரு குதிரைத்திறன் நீர் இறைக்கும் மோட்டார் ஒரு மணி நேரத்தில் முக்கால் யூனிட்டுக்குச் சற்று மேலாகவே எடுக்கும்.

இப்போது காரைப் பார்ப்போம். நம் நாட்டில் விற்கப்படும் சிறிய மின்சாரக் கார்களின் மின்கலம் 17 யூனிட் முதல் 24 யூனிட் வரை கொள்ளும். சற்றுப் பெரிய கார்களில் அது 30, 40, 45 யூனிட் என்று ஏறும். 24 யூனிட் மின்கலத்தை ஒருமுறை நிரப்பும் மின்சாரத்தைக் கொண்டு, மேலே சொன்ன மின்விசிறியை இரவும் பகலும் நிறுத்தாமல் பதின்மூன்று நாள் ஓட்டலாம். வீட்டில் உள்ள எல்லாப் பொருள்களையும்விட அதிகமாக மின்சாரம் குடிக்கும் ஒன்று வாசலில் வந்து நிற்கப்போகிறது என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள்.

இன்னும் இரண்டு செய்திகள் தெரிந்திருக்க வேண்டும். முதலாவது, காரின் விளம்பரத்தில் குறிக்கப்படும் தூரம் சோதனைக்கூடத்தில் அளந்தது. நம் சாலையில், நம் வெயிலில், குளிர்பதனத்தை இயக்கிக்கொண்டு, நால்வர் அமர்ந்து சென்றால் அத்தூரம் கிடைக்காது. 24 யூனிட் மின்கலம் கொண்ட சிறிய கார் ஏறக்குறைய 180 கிலோமீட்டர் ஓடும் என்று கொள்வது நேர்மையான கணக்கு. இரண்டாவது, நம் மீட்டர் எண்ணுவது சுவரிலிருந்து போகும் மின்சாரத்தை. அதில் பத்தில் ஒரு பங்கோ அதற்குச் சற்று மேலோ சூடாகி வீணாகும். எஞ்சியதே மின்கலத்தில் சேரும். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால், சிறிய கார் 100 கிலோமீட்டர் ஓட நம் மீட்டரில் சுமார் 15 யூனிட் ஏறும். இந்தப் பதினைந்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

படிக்கட்டு போன்ற கட்டணம்

தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் ஒரே விலையன்று. அது படிக்கட்டு போன்றது. மேலே ஏற ஏற ஒவ்வொரு படியின் உயரமும் கூடும். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் கட்டணமின்றி வழங்கப்படும் என்ற அறிவிப்பு 2016 மே மாதம் வந்தது. 2022 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணத்தின்படி, இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு. 201 முதல் 400 வரை 4 ரூபாய் 50 காசு. 401 முதல் 500 வரை 6 ரூபாய்.

பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் அந்த இரண்டே கால் ரூபாய்ச் சலுகை போய்விடும். 101 முதல் 400 வரை முழுவதும் 4 ரூபாய் 50 காசு. 401 முதல் 500 வரை 6 ரூபாய். 501 முதல் 600 வரை 8 ரூபாய். 601 முதல் 800 வரை 9 ரூபாய். 801 முதல் 1000 வரை 10 ரூபாய். அதற்கு மேல் 11 ரூபாய்.

2024 ஜூலையில் இக்கட்டணங்கள் சிறிது உயர்ந்தன. நாம் இங்கே கணக்குப் போடுவதற்கு எளிதாக 2022ஆம் ஆண்டின் எண்களையே எடுத்துக்கொள்வோம். உங்கள் கையிலுள்ள கடைசி ரசீதின் விலையை அந்தந்த இடத்தில் இட்டு நீங்களே திருத்திக்கொள்ளலாம். எண்கள் மாறினாலும் கணக்கின் வழி மாறாது.

இந்தப் படிக்கட்டில் ஓர் இடத்தைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். சரியாக 500 யூனிட் செலவிட்ட வீட்டுக்குக் கட்டணம் 1,725 ரூபாய். 501 யூனிட் செலவிட்ட வீட்டுக்கோ 1,958 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்! எனவே ஐந்நூறை ஒட்டி நிற்கும் வீட்டார் விழிப்பாயிருப்பது நன்று.

ஒரு குடும்பத்தின் கணக்கு

ஒரு நடுத்தரக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் செலவாகிறது. கட்டணம் 1,125 ரூபாய். அவ்வீட்டில் சிறிய மின்சாரக் கார் ஒன்று வருகிறது. தலைவர் அலுவலகத்துக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் செல்ல, மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடுகிறது. இரண்டு மாதத்தில் 2,000 கிலோமீட்டர். நூறுக்குப் பதினைந்து வீதம் 300 யூனிட். ஆக மொத்தப் பயன்பாடு 700 யூனிட்.

இனிக் கட்டணம் எவ்வளவு? முதல் நூறு நீங்கலாக அடுத்த 300க்கு 1,350 ரூபாய். அடுத்த நூறுக்கு 600. அதற்கடுத்த நூறுக்கு 800. கடைசி நூறுக்கு 900. கூட்டினால் 3,650 ரூபாய். 1,125 எங்கே, 3,650 எங்கே! அடுத்த வீட்டுக்காரர் சொன்ன மூன்று மடங்கு இதுதான்.

காரால் கூடியது 2,525 ரூபாய். அதை 300 யூனிட்டுக்குப் பகிர்ந்தால் யூனிட்டுக்கு எட்டு ரூபாய் நாற்பத்திரண்டு காசு. விற்பனையாளர் 4 ரூபாய் 50 காசு என்று வைத்துக் கணக்குப் போட்டார். அதனால் அவருக்குக் கிலோமீட்டருக்கு எழுபது காசுக்குள் வந்தது. உண்மையில் ஆவது ஒரு ரூபாய் இருபத்தாறு காசு. காரணம் எளிது. வீட்டின் விளக்கும் விசிறியும் அரைக்கும் இயந்திரமும் கீழ்ப்படிகளை முன்னமே நிரப்பிவிட்டன. கடைசியாக வந்த கார் மேற்படிகளில்தான் ஏறி நிற்க முடியும். ஆகவே காரின் செலவை அறிய விரும்புவோர் மொத்தக் கட்டணத்தை மொத்த யூனிட்டால் வகுக்கக் கூடாது. கார் வருமுன் கட்டியது எவ்வளவு, வந்தபின் கட்டுவது எவ்வளவு என்ற வேறுபாட்டையே பார்க்க வேண்டும்.

குளிர்பதனப் பெட்டிகள் வைத்து முன்னமே 800 யூனிட் செலவிடும் வீட்டுக்கு அதே 300 யூனிட் 3,100 ரூபாய் ஆகும். யூனிட்டுக்குப் பத்து ரூபாய்க்கு மேல். ஒரே கார், ஒரே தூரம். வீட்டுக்கு வீடு விலை வேறு.

அஞ்சிவிட வேண்டாம். பெட்ரோலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். லிட்டர் நூறு ரூபாய் என்றும், பெட்ரோல் கார் லிட்டருக்குப் பதினாறு கிலோமீட்டர் ஓடும் என்றும் கொண்டால், 2,000 கிலோமீட்டருக்கு 12,500 ரூபாய் வேண்டும். மின்சாரத்துக்கு ஆனது 2,525 ரூபாய். எரிபொருள் செலவில் மாதத்துக்கு ஏறக்குறைய 5,000 ரூபாய் மிச்சம் என்பது மறுக்க முடியாத உண்மை. ஆனால் இந்த ஒப்பீடு வீட்டில் மின்னேற்றம் செய்வோருக்கே பொருந்தும். வழியிலுள்ள விரைவு மின்னேற்ற நிலையங்களில் யூனிட் விலை வீட்டுக் கட்டணத்தைப்போல் இரு மடங்குக்கும் மேலாகக்கூடும்; அங்கேயே முழுவதும் நிரப்புவோருக்கு இந்த இலாபத்தில் ஒரு பகுதி கரைந்துவிடும்.

யாருக்கு இலாபம், யாருக்கு இல்லை?

மாதம் ஐயாயிரம் மிச்சம் என்று கேட்டவுடன் கடன் விண்ணப்பத்தில் கையெழுத்திடும் குடும்பங்கள் உண்டு. அவர்கள் இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். ஒத்த அளவுள்ள பெட்ரோல் காரைவிட மின்சாரக் கார் விலை கூடுதல். 2019 ஆகஸ்ட் முதல் மின்சாரக் கார்களுக்குச் சரக்கு சேவை வரி நூற்றுக்கு ஐந்துதான். எனினும் 2025 செப்டம்பரில் சிறிய பெட்ரோல் கார்களின் வரி இருபத்தெட்டிலிருந்து பதினெட்டாகக் குறைந்ததால், அவையும் விலை இறங்கின. நீங்கள் பார்க்கும் இரு கார்களுக்கும் இடையே மூன்று இலட்சம் ரூபாய் வேறுபாடு என்று வைத்துக்கொள்வோம். அந்த மூன்று இலட்சத்துக்கு ஆண்டுக்கு ஒன்பது வீதம் வட்டி 27,000 ரூபாய். முதல் ஆண்டில் மாதத்துக்கு 2,250 ரூபாய்.

மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுபவர் தம் ஐயாயிரத்தை அப்படியே அந்தக் கடனுக்குச் செலுத்தினால், வட்டியும் முதலும் அடைய ஏறக்குறைய ஆறே முக்கால் ஆண்டுகள் ஆகும். பல நிறுவனங்கள் மின்கலத்துக்கு எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகின்றன. அதற்குள் கடன் அடைந்துவிடுவதால் இவர் வாங்குவது தவறாகாது.

ஆனால் ஞாயிறு பூசைக்கும், உறவினர் வீட்டுத் திருமணத்துக்கும் மட்டும் காரை எடுத்து, மாதம் 300 கிலோமீட்டர் ஓட்டும் குடும்பத்தைப் பாருங்கள். பெட்ரோலுக்கு அவர்களுக்கு ஆவது 1,875 ரூபாய். மின்சாரத்துக்கு 270 ரூபாய். மிச்சம் 1,600 ரூபாய் அளவே. வட்டியோ 2,250. கார் மலிவாக ஓடுகிறது என்று மகிழ்ந்துகொண்டே ஒவ்வொரு மாதமும் அறுநூறு ரூபாய்க்கு மேல் இழப்பார்கள். மிச்சம் பிடிப்பதற்காகக் கடன் வாங்குவோர், எவ்வளவு ஓட்டுகிறோம் என்பதை வாங்குமுன் ஆறு மாதமாவது குறித்துப் பார்க்க வேண்டும். புகையின்மை, ஓசையின்மை முதலிய நன்மைகளுக்காக வாங்குவோர் வாங்கலாம். அதைச் சிக்கனம் என்று மட்டும் தம்மைத்தாமே ஏமாற்றிக்கொள்ள வேண்டாம்.

நம் பங்குக் குடும்பங்களில் பலருக்குக் காரைவிட மின்சார ஸ்கூட்டரே ஏற்றது என்பதையும் சொல்ல வேண்டும். அது 100 கிலோமீட்டருக்கு மூன்றரை யூனிட் அளவே எடுக்கும். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டினாலும் இரண்டு மாதத்தில் 70 யூனிட்தான். 300 யூனிட் செலவிடும் வீட்டில் இது சேர்ந்தால் கூடுவது 315 ரூபாய். படிக்கட்டில் பெரிதாக ஏற வேண்டியதில்லை.

ஒரே மீட்டர், இரண்டு அடுப்பு

இனி நாம் சொல்லப்போவது பணத்தைவிட முக்கியமானது. நம் ஊர்களில் ஒரே மின் இணைப்பில் இரண்டு குடித்தனங்கள் வாழும் வீடுகள் பல. கீழே வீட்டுக்காரர், மாடியில் குடியிருப்பவர். அல்லது அண்ணன் குடும்பம் ஒருபுறம், தம்பி குடும்பம் மறுபுறம். கட்டணத்தை ஓடிய யூனிட்டுக்கு ஏற்பப் பிரித்துக்கொள்வது வழக்கம். இதுவரை அதில் யாருக்கும் மனத்தாங்கல் இருந்திருக்காது.

ஆளுக்கு 200 யூனிட் வீதம் 400 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டணம் 1,125, ஒவ்வொருவருக்கும் 562 ரூபாய் 50 காசு. வீட்டுக்காரர் கார் வாங்குகிறார். 300 யூனிட் கூடுகிறது. கட்டணம் 3,650 ஆகிறது. "நான் எடுத்த ஐந்நூறுக்கு நான் தருகிறேன், நீர் எடுத்த இருநூறுக்கு நீர் தாரும்" என்று அவர் நேர்மையாகவே சொல்வதுபோல் தோன்றும். ஆனால் 3,650ஐ 700ஆல் வகுத்தால் யூனிட்டுக்கு ஐந்து ரூபாய் இருபத்தொரு காசு. மாடியில் இருப்பவர் தம் 200 யூனிட்டுக்கு இனி 1,043 ரூபாய் தர வேண்டும். அவர் ஒரு விளக்கைக்கூடக் கூடுதலாக ஏற்றவில்லை. அந்தக் காரில் ஒருநாளும் ஏறவில்லை. ஆயினும் 480 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறார். நாள்கூலி வேலைக்குச் செல்லும் குடும்பத்துக்கு 480 ரூபாய் சிறு தொகையன்று. யூனிட் கணக்கு சரியாயிருந்தும் நீதி தவறிப்போகும் இடம் இது.

செய்ய வேண்டியது யாதெனில், காரால் கூடிய 2,525 ரூபாய் முழுவதையும் கார் உடையவரே ஏற்க வேண்டும். எஞ்சிய 1,125ஐ முன்போலவே பிரித்துக்கொள்ள வேண்டும். இதற்குக் காரின் மின்செருகிக்கு மட்டும் ஒரு சிறு துணை மீட்டர் பொருத்திவிட்டால், எத்தனை யூனிட் காருக்குப் போயிற்று என்பதில் வாதம் எழாது. குடியிருப்பவர் வாய் திறந்து கேட்குமுன் வீட்டுக்காரர் இதைச் செய்தால் உறவு நிலைக்கும். அடுக்ககங்களில் பொது விளக்குக்கான இணைப்பிலிருந்து காருக்கு மின்சாரம் எடுப்பதும் இவ்வாறே. அது எல்லார் பணத்தையும் ஒருவர் எடுப்பதாகும்.

ஒரே குடும்பத்துக்குள்ளும் ஒரு சொல். பில் கூடியவுடன் பழி விழுவது பெரும்பாலும் வீட்டில் இருப்போர்மீதுதான். "பகலெல்லாம் விசிறி ஓடுகிறது" என்று முதியவரிடமும், "மிக்சியும் வாஷிங் மெஷினும் ஓயவே இல்லை" என்று மருமகளிடமும் குறை சொல்லுவர். வயதான தாயார் புழுக்கத்தில் விசிறியை நிறுத்திவிட்டு உறங்காமல் கிடப்பார். இரவு எட்டு மணி நேரம் அந்த விசிறியை நிறுத்தினால் மிச்சம் அரை யூனிட்டுக்குச் சற்று அதிகம். கார் அதை நான்கே கிலோமீட்டரில் செலவிட்டுவிடும். கட்டணச் சீட்டு வந்த அன்று, துணை மீட்டரையும் பார்த்துவிட்டுப் பேசுங்கள்; வீட்டில் அமைதி நிலவும்.

கம்பியும் காப்பும்

யானை வாங்கியவர் அங்குசத்துக்குத் தயங்கலாமா? பல இலட்சம் கொடுத்துக் கார் வாங்கியவர் சில ஆயிரம் ரூபாய்க் கம்பி வேலைக்குத் தயங்குவதைக் காண்கிறோம். காருடன் வரும் எளிய மின்னேற்றி, 15 ஆம்பியர் மின்செருகியிலிருந்து ஏறக்குறைய மூன்று கிலோவாட் வரை ஒன்பது, பத்து மணி நேரம் இடைவிடாமல் இழுக்கும். இஸ்திரிப் பெட்டியும் நீர் சூடேற்றியும் சிறிது நேரம் இயங்கி ஓய்ந்துவிடும், கார் அவ்வாறன்று. இரவு முழுதும், நாம் உறங்கும் நேரத்தில், கம்பி சூடேறிக்கொண்டிருக்கும். ஆகவே:

பழைய கம்பியில், நீட்டிப்புப் பலகையில் காரை ஒருபோதும் இணைக்க வேண்டாம். பிரதானப் பலகையிலிருந்து தனிக் கம்பி, தனி எம்.சி.பி., மின்கசிவு நேர்ந்தால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி, சரியான நில இணைப்பு ஆகியவற்றை உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு அமையுங்கள்.

உங்கள் இணைப்புக்கு அனுமதிக்கப்பட்ட மின்பளு எவ்வளவு என்று பாருங்கள். போதாதெனில் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் விண்ணப்பித்துக் கூட்டிக்கொள்ளுங்கள். வீட்டிலுள்ள இணைப்பிலிருந்தே காருக்கு மின்னேற்றம் செய்யலாம் என்பதை மத்திய மின்சார அமைச்சகம் 2022 ஜனவரியில் வெளியிட்ட நெறிமுறைகளில் தெளிவாகக் கூறியுள்ளது. எனவே மறைக்க வேண்டிய காரியம் எதுவும் இல்லை. கீழ்ப்படிக் கட்டணத்துக்காக, தனிக் குடித்தனம் இல்லாமலே இருப்பதாகக் காட்டி இரண்டாம் இணைப்புப் பெறும் வழியை நாட வேண்டாம்.

சொந்தக் கூரை உடையோர் சூரிய மின்தகடுகளைப் பற்றியும் எண்ணலாம். 2024 பிப்ரவரியில் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில், ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டது. ஒரு கிலோவாட் தகடு நம் வெயிலில் நாளொன்றுக்குச் சராசரி நான்கு யூனிட் தரும். மேற்படியில் நிற்கும் விலையுயர்ந்த யூனிட்டுகளையே அது முதலில் கழிக்கும் என்பதால், கார் உள்ள வீட்டுக்கு அதன் பயன் அதிகம்.

முடிவாக, அன்புக் குடும்பத்தினரே, கார் வாங்குவதா வேண்டாமா என்பதை நாம் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. அது உங்கள் வருவாயையும் தேவையையும் பொறுத்தது. கடந்த ஓராண்டின் ஆறு மின்கட்டண ரசீதுகளையும், மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள் என்ற குறிப்பையும் எடுத்துக்கொண்டு, கணவனும் மனைவியும் பெரியவர்களும் ஒன்றாய் ஒரு மாலை அமருங்கள். முந்திய கட்டணம், பிந்திய கட்டணம், இடையிலுள்ள வேறுபாடு, கடனின் வட்டி, ஒரே மீட்டரைப் பகிர்வோரின் பங்கு ஆகிய ஐந்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாளில் விடை இருக்கும். அதைப் பார்த்தபின் விற்பனையாளரிடம் செல்லுங்கள்.